லாட்ஜ் சுவரில் தொங்கும் 'வைபை' சாவி!

திருவண்ணாமலை,

பவுர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர் லாட்ஜில் அறைச் சாவி வாங்கிய கையோடு கேட்பது, "வைபை பாஸ்வேர்டு என்ன சார்?"

சில லாட்ஜ்களில் அதைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். மாசக்கணக்கில் மாற்றமாட்டார்கள். போன பவுர்ணமிக்கு வந்தவருக்கும் அத்துப்படி!

இதில் என்ன ஆபத்து?

2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டு வெடிப்பு. வெடிப்பதற்கு சில நிமிடம் முன்பு டி.வி. நிறுவனங்களுக்கு மிரட்டல் 'இ-மெயில்' வந்தது. போலீசார் துப்பு துலக்கினார்கள். நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டு இணைப்பில் போய் நின்றது. பூட்டாத வைபையில் யாரோ புகுந்து அனுப்பிவிட்டு நழுவிவிட்டார்கள். ஒன்றும் அறியாத மனுஷன் வீட்டு வாசலில் போலீஸ்!

மறு வருடமே மத்திய தொலைத்தொடர்பு துறை உத்தரவு போட்டது. பொது இடத்து வைபையில் ஆளை அடையாளம் பார்த்தே இணைப்பு தரவேண்டும். ரெயில் நிலையத்தில் செல்போனுக்கு ரகசிய எண் வருகிறதே, அது இந்த வகைதான்.

பூட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1997-ல் வந்த 'வெப்' பூட்டை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். 2004-ல் 'டபிள்யு.பி.ஏ.-2'. அதிலும் 2017-ல் ஓட்டை கண்டுபிடித்தார் ஒரு பெல்ஜியம்காரர். 2018-ல் 'டபிள்யு.பி.ஏ.-3' வந்தது. பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துத் திறக்கும் வித்தை இதில் சுலபத்தில் பலிக்காது.

ஆனால், புதுப்பூட்டு போட்டு சாவியைச் சுவரில் மாட்டினால்? அறைக்கு ஒரு எண் தந்து, அறையை காலி செய்ததும் அதை ரத்து செய்யும் வசதி இருக்கிறது. பழைய 'ரூட்டர்' சிலவற்றில் மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும். மற்றதை மாற்றத்தான் வேண்டும்.