உவா நாளும் பரதவர் எண்ணிய சுடரும்

பத்துப்பாட்டுள் ஒன்பதாவதாகிய பட்டினப்பாலை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளையுடைய பாட்டு. அதன்கண் காவிரிப்பூம்பட்டினத்து இரவைக் கூறும் பகுதியில், மாடத்து விளக்கொளியையும் பரதவரையும் சுடர்களை எண்ணுதலையும் சேர்த்துக் கூறும் ஈரடிகள் உள்ளன. அவற்றை இருவகையாக முடிக்கலாம். மாடங்களில் எரியும் விளக்குகளை நோக்கி, வளைந்த திமிலையுடைய பரதவர் அச்சுடர்களை எண்ணினர் என்பது ஒன்று. மாடத்தில் இருந்தோர் கடலை நோக்கிப் பரதவருடைய திமிற்சுடர்களை எண்ணினர் என்பது மற்றொன்று. பரதவர் என்னும் சொல்லை எழுவாயாகக் கொள்வதா, ஆறாம் வேற்றுமைத் தொகையின் நிலைமொழியாகக் கொள்வதா என்பதே வேறுபாடு. இதனைச் சிறு வேறுபாடு என்று தள்ளிவிடுதல் ஆகாது. முன்னதைக் கொண்டால் நாம் கடலினின்று நகரைப் பார்க்கிறோம். பின்னதைக் கொண்டால் நகரினின்று கடலைப் பார்க்கிறோம். பாட்டில் அன்றிரவு பரதவர் எங்கே இருந்தனர் என்பதே இதனால் மாறிவிடுகின்றது.

வகுப்பறையில் பல ஆண்டுகள் இரண்டாம் முடிபையே யாம் கூறிவந்தோம். கடலில் மிதக்கும் விளக்குகளை மேல்மாடத்து மகளிர் எண்ணும் காட்சி அழகியது, மாணவர்க்கும் உவப்பானது. அம்முடிபில் எமக்கு ஐயம் தோன்றியது நூலகத்தில் அன்று. காரைக்காலில், அரசலாற்றின் கழிமுகத்தில், அமாவாசை இரவொன்றில் தோன்றியது.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஊர். நாற்புறமும் தமிழ்நாடும் கடலுமே சூழ்ந்தது. காவிரியினின்று பிரிந்து கும்பகோணம் வழியாக வரும் அரசலாறு இவ்வூரை ஒட்டிக் கடலுட் புகுகின்றது. நேர்க்கோட்டில் அளந்தால் பூம்புகார் இதற்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புகார் என்னும் சொல்லே ஆறு கடலிற் புகும் இடத்தைக் குறிப்பது. ஆதலின் ஒரே காவிரியின் மற்றொரு புகாரில் நின்று பட்டினப்பாலையைப் படிப்பது முற்றும் பொருந்தாத செயல் ஆகாது என்று எண்ணினோம்.

கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எம்மைத் தம் சிறு படகில் ஏற்றிக்கொள்ள இசைந்தார். உடன் அவர் பெயரன். இரவு ஒன்பது மணிக்குமேல் ஓதம் ஆற்றுள் ஏறிக்கொண்டிருந்தது. இக்கரையில் ஓதத்தின் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆயினும் ஆற்றுவாயில் மணல்திட்டு மறித்து நிற்பதால், அவ்வளவு நீரே படகு செல்வதற்கும் தட்டி நிற்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஆகிவிடுகிறது. இருள் உவாவிலும் மதி உவாவிலும் ஓதம் மிகும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விரு நாளிலும் இக்கரையில் நீர் முற்பகலிலும் முன்னிரவிலும் நிறைந்து, இடையே வடிகின்றது. மடவையும் கொடுவாவும் இறாலும் ஏறும் நீரோடு உள்ளே வந்து, வடியும் நீரோடு வெளியேறும். வடியத் தொடங்கும் நேரத்தில் ஓடையின் குறுக்கே வலையை விட்டுக் காத்திருப்பதே இவர்தம் முறை.

இயந்திரத்தை நிறுத்தியபின் குறிப்பெழுதுவதற்காக யாம் கைவிளக்கை ஏற்றினோம். "வெளக்க அணைங்க ஐயா, கண்ணு கெட்டுப் போயிரும்" என்றார் முதியவர். மீனுக்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். அவர் தம் கண்ணைப் பற்றியே சொன்னார். இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை விளக்கைக் கண்டால், கரையின் ஒளிகளைப் பிரித்தறிய நெடுநேரம் ஆகுமாம். அணைத்த சிறிது பொழுதில் நீர் எமக்கும் புலனாயிற்று. துடுப்புப் பட்ட இடமெல்லாம் வெளிறிய நீல ஒளி எழுந்து மறைந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டவுடன் உமிழும் ஒளி அது. மடவைக் கூட்டம் ஒன்று படகின் அடியே சென்றபோது ஒவ்வொரு மீனும் ஒரு கோடாக மின்னியது. விண்ணில் உள்ளதற்கும் நீரில் உள்ளதற்கும் மீன் என ஒரே பெயர் வழங்குவதை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறோம். அன்று அதனைக் கண்டோம். இதனைச் சொற்பிறப்பு ஆராய்ச்சியாக யாரும் கொள்ள வேண்டா.

நிலவு இருந்தால் இவ்வொளி தெரியாது. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு என்றார் முதியவர்: "நெலா அடிக்கறப்ப வலைய மீனு பாத்துடும் ஐயா. வெலகிப் போயிடும்." ஆகவே தேய்பிறையின் பிற்பகுதியும் அமாவாசையை அடுத்த சில நாளுமே இவருக்கு இரவுத் தொழிற்காலம். முழுமதியை ஒட்டிய இரவுகளில் வலையைப் பழுது பார்ப்பார், உறங்குவார், ஊர்க்கதை பேசுவார்.

இச்சொல்லைக் கேட்டவுடன் பட்டினப்பாலையின் முற்பகுதி எம் நினைவிற்கு வந்தது. சுடரெண்ணும் அடிகளுக்கு முன்னரே, பரதவர் சுறாக்கோட்டினை நட்டு வழிபட்டு, கடல்வேட்டம் செல்லாது, உண்டும் ஆடியும் மகிழ்ந்ததைப் புலவர் கூறுகிறார். அவர்கள் தொழில் மடிந்ததற்குக் காரணமாக அவர் சுட்டுவது உவவு, அஃதாவது உவா நாள். உவா என்பது இருவகைக்கும் பொது. எனினும் இங்கே அது மதி நிறைந்த நாள் என்பதைப் பாட்டே பின்னர்க் காட்டிக்கொடுக்கின்றது. அடுத்து வருவது ஆறும் கடலும் கலக்கும் கூடலில் நீராடுதல். அவ்விடத்து ஓதத்தை மலியோதம் என்கிறார். உவா நாளின் முற்பகல் ஓதத்திற்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை. பின்னர்ப் பகல் விளையாட்டு. அதன்பின் இரவு: மாடம், மது, பாடல், நாடகம், வெண்ணிலவின் பயனைத் துய்த்தல், கடையாமத்து உறக்கம். இடையில் ஆட்கள் மாறுகின்றனர் என்பது உண்மையே. நாள் மாறியதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. ஒரே முழுமதி நாளின் முற்பகல் தொடங்கி மறுவைகறை வரை புலவர் நம்மை நடத்திச் செல்கிறார் என்பது எம் துணிபு.

அங்ஙனமாயின் அன்றிரவு கடலில் திமிற்சுடர் ஏது? வேட்டம் சென்றிலர் என்று புலவரே கூறிவிட்டார். இல்லாத விளக்குகளை மாடத்தார் எண்ணியிருத்தல் இயலாது.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கின்றது. அப்பகுதியின் எச்சங்கள் இரு வடிவின. ஓர்த்தும், நயந்தும், துய்த்தும் என்பன இரவை மகிழ்ந்து கழித்தோரின் வினைகள். சூடவும், மலையவும் என்பனவோ தமக்கெனத் தனி எழுவாய் உடையன. மகளிர் சூட, மைந்தர் மலைந்தனர். எண்ணவும் என்பது இவ்விரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. மாடத்தாரே எண்ணினர் எனின், எண்ணியும் என நிற்பதே இயல்பு. எண்ணவும் என நின்றதனால் அதற்கும் ஓர் எழுவாய் வேண்டும். அருகில் நிற்பது பரதவர் என்னும் சொல் ஒன்றே. வகுப்பறையில் இதனை யாம் கவனியாது விட்டது எம் பிழை.

இனி, பரதவர் ஏன் எண்ணினர்? நள்ளிரவு கடந்து நீர் வடியத் தொடங்கியபின், வலையை ஏற்றிக்கொண்டு எம் படகு கடல்வாய் வரை சென்று திரும்பியது. அப்போது முதியவர் கரையைப் பார்த்து, வடக்கிலிருந்து தெற்காக, ஒவ்வொரு விளக்காக முணுமுணுத்து எண்ணினார். கலங்கரை விளக்கம் ஒன்று, மீன்பிடித் துறைமுகத்து விளக்குகள் பல, அப்பால் ஊர். குறிப்பிட்ட இரு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்பட்டபோது படகைத் திருப்பச் சொன்னார். திட்டில் தட்டாமல் உள்ளே புகுந்தோம். ஒரு விளக்குக் குறைந்தாலும் கணக்குத் தவறும் என்பதால் எண்ணுதல் அவருக்குப் பொழுதுபோக்கு அன்று. தொழில் இரவுகளில் உயிர்காக்கும் கணக்காகச் செய்வதை, தொழிலற்ற நிலவிரவில் பரதவர் பழக்கத்தால் கரையில் இருந்தபடியே செய்தனர் என்று கொள்ளின், அவ்வீரடிகள் உயிர்பெறுகின்றன.

திமிலில் விளக்கே இல்லை என்று யாம் கூறவில்லை. நற்றிணையிலும் அகநானூற்றிலும் அது வருகின்றது. மீன்நெய்யைக் கிளிஞ்சிலில் ஊற்றி எரித்த சிறுவிளக்கின் ஒளியில் பரதவர் கரையில் துயில்வதை நற்றிணை 175ஆம் பாட்டுக் கூறுகின்றது. எமக்கு வழிகாட்டியவரின் ஊர் கிளிஞ்சல்மேடு என்பது தற்செயலே ஆயினும் இனிமையானது. ஒளி மீனை ஈர்க்கும் என்பதும் உண்மை. செயற்கை விளக்கொளி காட்டிக் கடலில் மீன்பிடிப்பதை இந்திய அரசு 2017இல் தடை செய்தது. அத்துணை வலியது அவ்வீர்ப்பு.

முதியவரிடம் பாட்டின் பொருளைச் சொல்லிக் கேட்டோம். அவர் தயங்கவில்லை: "நெலாவுல எவன் வலை விடுவான்? கரையில குந்திக்கிட்டு வெளக்கத்தான் எண்ணியிருப்பான்." ஒருவர் கூற்றைச் சான்றாக்குதல் ஆய்வுநெறி அன்று என்பதை அறிவோம். ஆயினும் 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையூர்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டபின், இரவுநீரை இவ்வாறு படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்துவிட்டனர். பெயரனோ கைப்பேசியின் திரையிலேயே ஆற்றுவாயைக் காண்கிறான். கேட்க வேண்டியவற்றை இப்பொழுதே கேட்டாக வேண்டும்.

தடை ஒன்று எஞ்சியுள்ளது. வலைஞர் நிலவில் மடிவர். தூண்டிற்காரர் சிலர் நிலவிலும் செல்வதுண்டு என்று அவரே கரையேறும்போது கூறினார். பண்டைப் பட்டினத்திலும் அத்தகையோர் சிலர் உவா நாளிற் சென்றிருப்பின், சில சுடர்களேனும் கடலில் இருந்திருக்கும். அப்போது எம் முடிபிற்கு இலக்கணச் சான்று மட்டுமே நிற்கும். வரும் பௌர்ணமியில் தூண்டிற்படகு ஒன்றில் செல்ல இசைவு பெற்றுள்ளோம்.