எழுத்து அச்சிட எந்தப் பனியன்? – கழக்கூட்டத்துத் துணி வணிகன் ஒருவனின் ஆராய்ச்சி

புதுத் துணிக்குத் தமிழில் ‘கோடி’ என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. மலையாள அன்பர்கள் அதே சொல்லை ‘ஓணக்கோடி’ என்று இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைக் கைவிட்டுவிட்டு ‘நியூ டிரஸ்’ என்கிறோம். துணி விற்கிறவனுக்குக் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். அறுவை என்றால் துணி. அவர் ஜவுளிக்காரர்தான். அந்தத் தைரியத்தில் எழுதத் துணிகிறேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். இங்குள்ள மலையாளிகள் என்னை ‘அண்ணாச்சி’ என்பார்கள். நான் தெக்கத்திக்காரன் அல்லன் என்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. 1990இல் டெக்னோபார்க் வந்தபின் கழக்கூட்டத்தின் முகமே மாறியது. அந்த மாற்றத்தை நம்பி 1998இல் இங்கே கடை போட்டேன். முதலில் சட்டைத் துணி, லுங்கி. பிறகு கம்பெனிப் பிள்ளைகள் வந்து, “அங்கிள், எங்க டீமுக்கு நாப்பது டி-சர்ட் வேணும், முதுகில பேர் போடணும்” என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்று என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் இந்த வெறும் பனியன்தான். திருப்பூரிலிருந்து அச்சில்லாமல் வாங்குவேன், இங்கே அச்சுப் பட்டறைக்குக் கொடுப்பேன். வியாபாரத்தில் இதற்கு ‘பிளைன் பீஸ்’ என்று பெயர்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு 200 டி-சர்ட் எடுப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கறுப்புத் துணி, தங்க நிற எழுத்து, முதுகில் ஆண்டு என்று இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். “ஏன் ஐயா, கறுப்புதானே அழுக்குத் தெரியாது?” என்று ஒரு தம்பி கேட்டார். பதில் சொல்ல அரைமணி வேண்டும், கூட்டத்தில் இருந்ததோ ஐந்து நிமிடம். “அப்போ மலர்ல எழுதிடுங்க” என்றார்கள். இதோ எழுதியிருக்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2009இல் ஒரு ஆர்டருக்கு 300 கறுப்புப் பனியன் தேவைப்பட்டது. திருப்பூரில் ஒருவர் ஊர் விலையைவிடப் பீஸுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தார், பில் கிடையாது. ஏன் குறைவு என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், எனக்குப் பதில் தெரியும் என்பதுதான். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு அந்த விலையில் இல்லை. பனியன் இங்கே வந்தது, ஊர்வலத்தன்று மழையும் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டி இடுப்புவரை கறுத்துப் போனது. அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் சாயம் ஒட்டிய அளவு அவ்வளவுதான். மற்றதெல்லாம் நொய்யல் ஆற்றுக்குப் போயிருந்தது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அதன் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1990களிலேயே அந்த அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறிப்போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. நான் பிப்ரவரியில் சரக்குக்குப் போனபோது காதர்பேட்டையே களையிழந்து கிடந்தது. விலை ஏறிவிட்டதே என்று டீக்கடையில் புலம்பினேன். பக்கத்தில் இருந்த விவசாயி ஒருவர் சத்தம் போடாமல் சொன்னார்: “உங்களுக்குப் பனியன் விலைதானுங்க ஏறுது. எங்க கிணத்துத் தண்ணியில கருப்பட்டி போட்டாலும் இனிக்காதுங்க.” அதன்பிறகு அந்த டீ எனக்கு இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். பலரும் கெடுதல் சாயத்தின் நிறத்தில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நிறத்தை எடுத்துவிடலாம். பெரிய தலைவலி உப்பு. பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. உப்புப் போட்டுத்தான் தண்ணீரிலிருந்து அதை நூல் பக்கம் தள்ள வேண்டும். சாயம் நூலில் தங்கும், உப்பு தங்காது. போட்ட அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். இள நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20, 30 கிராம் உப்புப் போதும். கறுப்புக்கு 80 கிராம் வரை போகும்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பனியன் 180 கிராம். துணியின் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் என்று வைத்தால் சுமார் ஒன்றரை லிட்டர். கறுப்பு என்றால் ஒரு பனியனுக்கு 115 கிராம் உப்பு. அதாவது பனியனின் எடையில் பாதிக்கு மேல்! இள நிறத்துக்கு 36 கிராம். நம் 200 பனியனுக்குக் கறுப்பில் 23 கிலோ உப்பு, இள நிறத்தில் 7 கிலோ. சாயம் போட்டபின் அலசுகிற தண்ணீரும் கறுப்புக்குத்தான் அதிகம், ஏனென்றால் ஒட்டாத சாயத்தை வெளியேற்றப் பலமுறை அலச வேண்டும். அன்று அந்தப் பன்னிரண்டு ரூபாய்க்காரர் மிச்சம் பிடித்தது இந்த அலசலிலும்தான். பெரியவரின் வேட்டி அதற்குச் சாட்சி.

2011க்குப் பிறகு ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ என்ற முறையோடுதான் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது அதன் பொருள். கழிவை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். தண்ணீரும் உப்பின் பெரும்பகுதியும் மறுபடி சாயத்துக்கே போகின்றன. நம் தமிழ்நாட்டு ஊர் ஒன்று இதைச் சாதித்தது பெருமைதான். ஆனால் காய்ச்சுவதற்கு விறகும் மின்சாரமும் வேண்டும். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டையாக மிஞ்சுகிறது. ஆகவே நல்ல ஆலையில் போட்டாலும் கறுப்பு கறுப்புதான்.

அப்படியானால் வெள்ளை எடுக்கலாமா? வெள்ளையும் சும்மா வருவதில்லை. பருத்தியின் இயற்கை நிறம் மங்கலான சந்தன நிறம். அதை வெளுக்கப் பழைய பட்டறைகளில் குளோரின் சேர்ந்த பிளீச்சிங் சரக்குப் போட்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தால் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், பாதகம் குறைவு. வாங்கும்போது “பெராக்சைட் வெளுப்பா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரியாகப் பதில் சொல்கிற வியாபாரியிடம் மற்ற விஷயங்களும் சரியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் கமிட்டிக்குச் சொன்னது வெளுக்காத, சாயம் போடாத கோராத் துணிப் பனியன். சில பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், ‘பழசு மாதிரி இருக்கு’ என்று. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த ஊரில் ஓணத்துக்குப் பெண்கள் உடுத்துகிற கசவுப் புடவையின் உடல் நிறம் எது? அதே கோரா நிறம்தான். நகரைத் தாண்டித் தெற்கே பாலராமபுரத்தில் அதை நெய்கிற சாலியர் தெருக்கள் இருக்கின்றன. அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். நமக்கு முன்னால் வந்த தமிழர்கள்! அவர்கள் கையில் அழகாகத் தெரிகிற நிறம் நம் முதுகில் மட்டும் பழசாகத் தெரிவானேன்?

எங்கள் வீட்டில் அம்மா குடிதண்ணீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார். கண்ணுக்குத் தெரியாத உயிரும் நோகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தத் துணி சாயமில்லாத பருத்தியாக இருக்க வேண்டும் என்பதில் அம்மா கண்டிப்பு. இப்போதும் திருப்பூர்ச் சரக்கைப் பிரிக்கும்போது அந்தத் துணி எனக்கு ஞாபகம் வரும்.

கோராவில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கமாட்டேன். பச்சைப் பருத்தியில் இயற்கை மெழுகு இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலையில் நிற்பதுபோல நிற்கும். அந்தத் துணியில் தண்ணீர் மை பிடிக்காது, வியர்வையும் உறிஞ்சாது. ஆகவே சோடா போட்டு வேகவைத்து மெழுகை மட்டும் எடுத்த கோரா வேண்டும். இதை ‘ஸ்கவரிங்’ என்பார்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் சரக்கு சரி. ஆங்காங்கே பருத்திக்கொட்டைத் துகள் புள்ளியாகத் தெரியும், அது அழுக்கு அல்ல.

அச்சிலும் இள நிறத்துக்கே லாபம். கறுப்பில் தங்க எழுத்து எடுப்பாக நிற்க அடியில் வெள்ளை மை ஒரு பூச்சு வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பிளாஸ்டிசால் மைதான். அது பி.வி.சி. பிளாஸ்டிக், 160 டிகிரி சூட்டில் இறுகும். நெஞ்சில் ரப்பர் பலகை ஒட்டியதுபோல இருக்கும். சூடு சரியாக ஏறாவிட்டால் பத்துச் சலவையில் வெடிக்கும். இள நிறத் துணியில் தண்ணீர் மை நேராக நூலுக்குள் இறங்கிவிடும், கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. நம் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் இது சின்ன விஷயமா?

‘ஆர்கானிக்’ என்று எழுதியதை வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கொள்கை நல்லது. ‘ஜி.ஓ.டி.எஸ்.’ என்ற உலக முத்திரையில் 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கைப் பருத்தி இருந்தால்தான் முழு ‘ஆர்கானிக்’ பெயர் போடலாம். சாயத்துக்கும் கழிவுநீருக்கும்கூட அதில் விதி உண்டு. ஆனால் 2020இல் நம் நாட்டில் போலிச் சான்றுகளின் பேரில் 20,000 டன் பருத்தி இந்தப் பெயரில் போனதை அந்த அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. சான்று வைத்திருக்கிற கம்பெனி என்பது வேறு, நமக்கு வந்த அந்தச் சரக்குக்கான பரிமாற்றச் சான்று என்பது வேறு. 200 பீஸ் வாங்குகிற நம்மிடம் இரண்டாவதை எளிதில் நீட்டமாட்டார்கள். கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் லேபிளுக்காக மட்டும் பீஸுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

பழைய பாட்டிலை உருக்கிச் செய்த பாலியஸ்டர் பனியன் பற்றியும் கேட்கிறார்கள். விளையாட்டுக்கு உலர்ந்துவிடும், உண்மை. ஆனால் துவைக்குந்தோறும் நுண்ணிய பிளாஸ்டிக் இழை உதிரும், இந்தப் புழுக்கத்தில் நாற்றமும் பிடிக்கும். எனக்கு அதைவிட, வெட்டில் கழிந்த வண்ணத் துணியைப் பிரித்து மறுபடி நூலாக்குகிற ஓபன் எண்ட் நூல் துணிதான் பிடித்திருக்கிறது. பழைய நிறமே போதும், புதிதாகச் சாயம் வேண்டாம். இழை குட்டை என்பதால் வலுவுக்கு வேறு இழை கலப்பார்கள். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு.

தரம் பார்க்க நகைக்கடைத் தராசு ஒன்று போதும். மாதிரிப் பனியனின் உள்மடிப்பில் 10-க்கு 10 சென்டிமீட்டர் வெட்டி நிறுங்கள். 1.8 கிராம் என்றால் அது 180 ஜி.எஸ்.எம். 180 என்று சொல்லி 150 கொடுப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். பிறகு மூன்று முறை துவைத்துப் பக்கத்துத் தையலைப் பாருங்கள். அது தொப்புள் பக்கம் முறுக்கிக்கொண்டு வந்தால் அந்தத் துணி வேண்டாம். எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும் ஆறு மாதத்தில் தரைதுடைக்கப் போகிற பனியன் தண்ணீருக்குச் செய்த துரோகம்தான்.

எண்ணிக்கைதான் எல்லாரும் மறப்பது. முன்பு ஒருமுறை 250 அடித்து அறுபது மிஞ்சியது, அத்தனையும் எக்ஸ்.எல். முதுகில் ஆண்டு அச்சிட்டிருந்ததால் மறுவருடம் யாரும் தொடவில்லை. எங்கள் சமயத்தில் மிகுபொருள் விரும்பாமை என்பார்கள். வியாபாரியான நானே இதைச் சொல்வது பிழைப்பைக் கெடுக்கிற காரியம், பரவாயில்லை. ஆண்டைப் போடாதீர்கள். சங்கத்தின் பெயர் மட்டும் போதும். எம், எல் என்று கேட்காமல் மார்பளவை அங்குலத்தில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மெழுகெடுத்த கோராவுக்கு வெளுப்பும் சாயமும் மிச்சம், அச்சிலும் அடிப்பூச்சு மிச்சம். கறுப்பைவிட விலை கூடாது. சிறிய ஆர்டருக்குக் கோரா சரக்கு கையிருப்பில் இருக்காது, ஐந்தாறு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். கமிட்டி அன்பர்கள் நவம்பர் கடைசிக்குள் முடிவு சொன்னால் பொங்கலுக்குக் கைக்கு வந்துவிடும். நாற்பது முறை துவைத்த மாதிரி ஒன்றைக் கடை வாசலில் ஹேங்கரில் மாட்டியிருக்கிறேன். கறுப்பில் அதே வயதுள்ள ஒன்றும் பக்கத்தில் தொங்குகிறது. அந்தப் பக்கம் வரும்போது இரண்டையும் தொட்டுப் பாருங்கள், டீ என் செலவு.