பட்டப்பகலில் ஓர் அந்துப்பூச்சி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. தொழிற்சாலைகள் பெருகிவிட்டாலும், இந்தப் பக்கத்துத் தரிசுகளிலும் வரப்புகளிலும் கிலுகிலுப்பைச் செடி மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வறண்ட திறந்தவெளிதான் உட்டதைசா புல்கெல்லா என்ற அந்துப்பூச்சிக்கு உகந்த இடம். செடியை விலக்கி நடந்தால் வெள்ளையாக எழும்பி, நாலடி தள்ளிப் போய்ப் புல்லில் உட்காரும்.

பார்த்ததும் பட்டாம்பூச்சி என்றுதான் தோன்றும். சிறகு விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்கும். வெண்மையான முன்சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். பின்சிறகின் ஓரத்தில் கறுப்புக் கரை. உணர்கொம்பைக் கவனித்தால் குழப்பம் தீரும். பட்டாம்பூச்சிக்கு அதன் நுனி குமிழாகப் பருத்திருக்கும். இதற்கு வெறும் நூல்போல இருக்கும். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் இது. ஆப்பிரிக்கா, ஐரோப்பாவின் தென்பகுதி, இந்தியா என்று பரவியிருக்கிறது. சில ஆண்டுகளில் பிரிட்டன் வரைகூடப் பறந்துபோகும்.

பெரும்பாலான அந்துப்பூச்சிகள் பறவைக்குப் பயந்து பகலில் பதுங்கிக் கிடக்க, பகலில் பறக்கும் இதற்கு எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? கிலுகிலுப்பையிலிருந்துதான். அந்தச் செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு உண்டு. மாடு அதிகமாகத் தின்றால் ஈரல் கெட்டுவிடும். இந்தப் பூச்சியின் புழுவோ இலையைத் தின்று, காயைத் துளைத்து விதையையும் தின்று, நஞ்சை உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. புழு பூச்சியான பிறகும் நஞ்சு கூடவே இருக்கிறது. பளிச்சென்ற புள்ளிகள் பறவைக்குக் காட்டும் எச்சரிக்கை.

இதன் அமெரிக்க உறவான உட்டதைசா ஆர்னாட்ரிக்ஸை கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் விரிவாக ஆராய்ந்தார். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தியே இழைகளை அறுத்து வெளியே விட்டுவிட்டது. நஞ்சில்லாத உணவில் வளர்த்த பூச்சியைத் தின்றுவிட்டது. ஆண் பூச்சி இணையும்போது பெண்ணுக்கு நஞ்சில் ஒரு பங்கைக் கொடுக்கிறது; பெண் அதை முட்டைகளுக்குக் கடத்துகிறது. எறும்பும் பொறிவண்டும் அந்த முட்டைகளை அண்டுவதில்லை.

கிலுகிலுப்பையின் இனம்தான் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை. அதில் கறுப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாக மேயும் கம்பளிப்புழு நம் புல்கெல்லாவின் குழந்தைதான். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடும் வயலில் இதற்கு மருந்தடிப்பது வீண்செலவு. விதைக்கு விட்ட சணப்பையில் மட்டும் காய் பிடிக்கும்போது கண்காணித்து, புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள்.