தாளிக்கும் முன் நாயின் பங்கை எடுத்து வையுங்கள்

வீட்டு நாய்க்குக் காய்கறி கொடுக்கலாமா? கொடுக்கலாம். கேரட், பீன்ஸ், பரங்கிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, வெள்ளரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நம் வீட்டுக்கு வரும் காய்களில் பெரும்பாலானவை நாய்க்கும் ஒத்துக்கொள்ளும். சிக்கல் நாம் அதைச் சமைக்கும் விதத்தில்தான் வருகிறது. வெறுமனே வெந்த பரங்கிக்காய் நாய்க்கு நல்லது. சின்ன வெங்காயம், புளி, உப்பு எல்லாம் சேர்ந்து சாம்பாரான பிறகு அது நல்லதல்ல.

ஆகவே, இதைப் படித்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: காய் வெந்ததும், வேறு எதுவும் அதில் விழும் முன், நாய்க்கு உரியதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வெங்காயத்தையும் பருப்போடு சேர்த்தே குக்கரில் போடுகிற வீடு என்றால், நாய்க்கான காயை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து அதே குக்கருக்குள் வேகவிடலாம். தனி அடுப்பு, தனி நேரம் தேவையில்லை.

நாய் மாமிசம் தின்னும் விலங்காயிற்றே, காய் செரிக்குமா என்று கேட்பீர்கள். ஓநாயிடமிருந்து வந்ததுதான் நாய். ஆனால் மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு அதன் உடல் நம் சோற்றுக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. அமைலேஸ் (மாவுச்சத்தை உடைக்கும் செரிமானப் பொருள்) சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்தான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது என்று 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சோறும் கிழங்கும் நாய்க்குச் செரிப்பது இதனால்தான்.

ஆனாலும் நாய் நம்மைப்போல் மென்று தின்பதில்லை. கிடைத்ததைக் கவ்வி விழுங்கும். பச்சைக் கேரட்டைத் துண்டு துண்டாகப் போட்டால் அது மறுநாள் அதே துண்டுகளாக வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். உடலில் ஒன்றும் சேரவில்லை என்று அர்த்தம். உப்பில்லாத தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். அல்லது பொடியாகத் துருவிச் சோற்றோடு பிசையுங்கள். சின்ன ஜாதி நாய்க்குப் பச்சைக் கேரட்டை வட்ட வட்டமாக நறுக்கிப் போடவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இனி வெங்காயம். நாய் வளர்ப்பவர் வீட்டில் அதிகம் கவனிக்க வேண்டிய பொருள் இதுதான், ஏனென்றால் அது இல்லாமல் நமக்கு ஒரு வேளைச் சமையல் நடப்பதில்லை. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பவை அந்த அணுக்கள்தான். அவை குறையக் குறைய நாய் சோர்ந்துபோகும்.

வேகவைத்தால் போய்விடாதா? போகாது. வதக்கினாலும், பொரித்தாலும், காயவைத்துப் பொடித்தாலும் அந்த நஞ்சு இருக்கும். பொடியில் இன்னும் செறிவாக இருக்கும் என்பதால் மசாலா சிப்ஸும் சூப் பொடியும் நாயிடம் போகக் கூடாது.

எவ்வளவு தின்றால் ஆபத்து? நாயின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் வெங்காயம் உள்ளே போனால் பாதிப்பு வரலாம் என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் கணக்கு. உங்கள் நாய் 10 கிலோ என்றால் 50 கிராம். ஏறக்குறைய அரை பெரிய வெங்காயம். 3 கிலோ எடையுள்ள பொமரேனியன் குட்டி என்றால் 15 கிராம்தான். இரண்டு சின்ன வெங்காயமே போதும். வெங்காய சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எத்தனை விழும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் இவ்வளவு போகாவிட்டாலும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதும் கெடுதல்தான். பூண்டு இதைவிடக் காட்டமானது, அதனால் அளவு இன்னும் குறைவு.

“பூண்டு கொடுத்தால் உண்ணி பிடிக்காது, பூச்சி விழும் என்கிறார்களே?” பல வீடுகளில் இதை நம்பிக் கொடுக்கிறார்கள். விட்டுவிடுங்கள். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் எடைக்கேற்ற மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது.

வெங்காயத்தில் உள்ள இன்னொரு தொல்லை, பாதிப்பு உடனே தெரியாது. அன்றைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓரிரு நாள் கழித்தோ, நான்கைந்து நாள் கழித்தோதான் நாய் படுத்தே கிடக்கும், மூச்சு வேகமாக வாங்கும், ஈறு வெளுத்திருக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போகும். அதற்குள் அன்றைய சாப்பாட்டை நாம் மறந்திருப்போம். மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்க்க இன்றே பழகிக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போது உள்ள நிறம் தெரிந்தால்தானே வெளுத்தது தெரியும்?

அடுத்து புளி. இது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெகுநாளாகத் தெரியும். எதனால் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நஞ்சுகளுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தை (திராட்சைக்குப் புளிப்பு தரும் பொருள்) காரணமாகச் சுட்டினார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவும் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் ரசம் சோறு? ஒருநாள் ஒரு வாய் நக்கியதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் திராட்சையில் எந்த அளவு தாங்கும் என்பது நாய்க்கு நாய் மாறுகிறது. ஒன்றுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்குச் சிறுநீரே நின்றுபோகும். அதனால் குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைவதை அன்றாட வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஊறவைத்த புளி, புளிக்காய்ச்சல் பாத்திரம், பாயசத்திலும் கேசரியிலும் வறுத்துப் போடும் உலர் திராட்சை இவையெல்லாம் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பண்டிகை நாளில் குழந்தைகள் ஆசையாக ஊட்டுவார்கள். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

எண்ணெயில் பொரித்த வாழைக்காய், உருளைக்கிழங்கு வறுவல் வேண்டாம். அதிகக் கொழுப்பு சில நாய்களுக்குக் கணைய அழற்சியை (செரிமான நீர் சுரக்கும் உறுப்பு வீங்கிப் புண்ணாவது) கொண்டுவரும். கடும் வலி, ஓயாத வாந்தி என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம். மிளகாயும் உப்பும் நாய்க்குத் தேவையே இல்லை.

காய்களிலேயே சில எச்சரிக்கைகள் உண்டு. உருளைக்கிழங்கு பச்சை நிறம் ஏறியோ முளைவிட்டோ இருந்தால் எறிந்துவிடுங்கள்; நல்லதாக இருந்தாலும் வேகவைத்தே கொடுங்கள். பச்சை மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது. சேனை, சேப்பங்கிழங்கு பச்சையாக வாயில் பட்டால் நமக்கு அரிப்பதுபோலவே நாய்க்கும் அரிக்கும், வாய் வீங்கும். தக்காளிப் பழம் கொஞ்சம் போனால் பரவாயில்லை, செடியும் பச்சைக் காயும் கூடாது. சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு நாய்க்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நஞ்சு.

மக்காச்சோள முத்து தின்னலாம், தக்கை கூடாது. கடற்கரையில் சோளம் தின்றுவிட்டுத் தக்கையை நாயிடம் போடுவது ஒரு விளையாட்டாகவே நடக்கிறது. அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும். மாங்கொட்டையும் அப்படியே. முருங்கைக்காய் என்றால் சதையை வழித்துக் கொடுங்கள், சக்கையைக் கொடுக்காதீர்கள். வாழைத்தண்டில் நார் இருக்கும். நானாக இருந்தால் அதைத் தவிர்ப்பேன்.

கீரை? எப்போதாவது ஒரு ஸ்பூன் மசியல் போதும், அதுவும் பூண்டு சேர்க்காதது. பசலைக்கீரை போன்றவற்றிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் உப்பு) அதிகம். ஷிட்ஸு, லாசா ஆப்சோ போன்ற ஜாதிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல் எளிதில் வரும் என்பதால் அவற்றுக்கு வேண்டவே வேண்டாம். பீட்ரூட் தின்ற மறுநாள் மலம் சிவப்பாகப் போனால் அது ரத்தமோ என்று பயந்துவிடாதீர்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் நஞ்சல்ல, ஆனால் வயிற்றில் காற்றைச் சேர்க்கும். அந்த இரவு நாயோடு ஒரே அறையில் படுப்பவருக்கு இது புரியும்.

அளவு எவ்வளவு? வழக்கமான உணவுக்கு மேல் கொடுக்கும் எதுவும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது வரம்பு. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவை என்று வைத்தால், அதில் 60. சர்க்கரைவள்ளி 70 கிராமிலேயே இது முடிந்துவிடும். கேரட், பரங்கி, பீன்ஸ் என்றால் கலோரி குறைவு. ஆனாலும் நார்ச்சத்து கூடினால் பேதி ஆகும். இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் நிறுத்திக்கொள்வது நல்லது. குண்டான நாய்க்கு பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வெந்த பீன்ஸ் கொடுப்பது நல்ல மாற்று. புதிய காயை ஒரு நேரத்தில் ஒன்றாக, ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள். இரண்டு நாள் வயிறு சரியாக இருந்தால் தொடரலாம். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாய் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

நாங்கள் சைவம், காயும் தயிர்ச்சோறும் மட்டும் கொடுத்து வளர்க்கலாமா? நாய் அதில் பிழைத்துக் கிடக்கும், செழிக்காது. வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தை நீக்கிப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவு. அரிசியில் அதில் பாதிகூட இல்லை. வெயிலில் படுத்தாலும் நாயின் தோல் போதிய வைட்டமின் டி தயாரிக்காது, அது உணவில்தான் வர வேண்டும். முட்டை கொடுக்க உங்கள் மனம் இடம் கொடுத்தால் பாதிக் கவலை தீரும். அதுவும் முடியாதென்றால், முழுச் சத்தும் சேர்த்துத் தயாரித்த சைவ நாய் உணவை மருத்துவரின் யோசனையோடு வாங்குங்கள். வளரும் குட்டிக்கும் சினையாக உள்ள நாய்க்கும் இந்தச் சோதனை வேண்டாம். பூனைக்கு இந்தச் சைவ உணவு யோசனை எதுவுமே பொருந்தாது. அது மாமிசம் இல்லாமல் வாழ முடியாத விலங்கு.

தெரியாமல் தின்றுவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவமனையில் முறையாக வாந்தி எடுக்க வைக்க முடியும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவிலும் திறந்திருக்கும் இடம் எது என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் கைபேசியில் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். தெருநாய்கள் எல்லாம் சாம்பார் சோறுதானே தின்கின்றன, அவை நன்றாகத்தானே இருக்கின்றன? நன்றாக இருப்பவைதான் நம் கண்ணில் படுகின்றன. லேசான ரத்தசோகையோடு ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் நாயைத் தூங்குகிறது என்றுதான் நினைப்போம். மீந்த சோற்றைத் தெருநாய்க்கு வைக்கும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருந்தால், குழம்பை ஊற்றாமல் வெறும் சோற்றில் ஒரு வெந்த முட்டையையோ கொஞ்சம் வெந்த காயையோ பிசைந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீரும் வையுங்கள்.