மலைக் கிராமத்து வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் தேவையா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

"மலையில ஓடுற தண்ணி, அப்படியே குடிக்கலாம்" என்பார்கள் சிலர். "ஆர்.ஓ. மாட்டினாத்தான் பாதுகாப்பு" என்பார்கள் வேறு சிலர். திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் காபி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆடலூர். இதுபோன்ற ஊர்களில் ஓடை, ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளுக்கு இந்த இரண்டு பேச்சுமே சரிவராது. ஏன்?

ஆர்.ஓ. எதற்கு?

ஆர்.ஓ. மெஷினின் முக்கிய வேலை தண்ணீரில் கரைந்துள்ள உப்பைப் பிரிப்பது. அந்த உப்பின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி உண்டு.

தோல் தொழிற்சாலைகள் உள்ள திண்டுக்கல் சுற்றுப்பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அங்கே ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மழையில் ஊறி, பாறை இடுக்கில் கசிந்து வரும் மலைத் தண்ணீரில் பொதுவாக உப்பு குறைவு. அங்கே ஆர்.ஓ. மாட்டினால், இருக்கும் கொஞ்சம் கால்சியம், மெக்னீசியமும் போய்விடும். சாதாரண வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு சுமார் 3 லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். கோடையில் ஊற்று வற்றும் ஊருக்கு இது பெரிய இழப்பு.

டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதற்கும் இதுவே காரணம்.

அப்படியென்றால் மலைத் தண்ணீர் சுத்தமா?

இல்லை. இங்கே ஆபத்து உப்பில் இல்லை, கிருமியில் இருக்கிறது. ஓடையில் ஆடு, மாடு, காட்டு விலங்குகளின் கழிவு கலக்கலாம். மேலே உள்ள கழிப்பறைக் குழியிலிருந்தும் கசியலாம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் வருகின்றன. தரநிலைப்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலி பாக்டீரியாகூட இருக்கக் கூடாது.

கடைக்காரர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. மீட்டரில் 60 வந்தாலும் அந்தத் தண்ணீர் நோய் தரலாம்.

எந்த முறை எதற்கு?

கொதிக்க வைத்தல்: தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானல் நகரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 3 நிமிடம் விட வேண்டும்.

யு.வி.: புற ஊதா ஒளி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி உள்ளே போகும். மழைக்காலத்தில் கலங்கிய தண்ணீரை முதலில் வடிகட்டியாக வேண்டும். கரண்ட் இல்லையென்றால் இது வேலை செய்யாது.

யு.எஃப்.: நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டும் முறை. கரண்ட் இல்லாமல் ஓடும் மாடல்களும் உண்டு. பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுப்பதில் எல்லா மாடல்களையும் நம்ப முடியாது.

குளோரின்: கலந்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் இதன் பலன் குறையும்.

கார்பன் ஃபில்டர்: வாடையைப் போக்கும், பூச்சிமருந்துகளின் அளவைக் குறைக்கும். தோட்டத்துக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு உதவும். இது மட்டும் இருந்தால் கிருமி போகாது.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

மெஷின் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்தால் நிலவரம் தெளிவாகும்.

உப்பு குறைவு, கிருமி உண்டு என்று முடிவு வந்தால், கலங்கலை நீக்கும் வடிகட்டியும் யு.வி.யும் சேர்ந்த மெஷின் போதும். கரண்ட் போகும் நாளில் அடுப்பில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். 500-ஐத் தாண்டினால், அப்போது ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம்.

எந்த மெஷின் வாங்கினாலும் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். சுத்திகரித்த தண்ணீரைத் திறந்த குடத்தில் வைத்து, கையை விட்டு மொண்டால், செலவழித்த பணம் அத்தனையும் வீண்.