புயலை வெல்லும் மூன்று தந்திரங்கள்!

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறீர்களா? வழியில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரும். எங்கு பார்த்தாலும் உப்புப் பாத்திகள், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். 'இந்த உப்புத் தரையில் எந்த உயிர் வாழும்?' என்று நினைப்பீர்கள். ஏராளமான உயிர்கள் வாழ்கின்றன!

உப்பளங்களை ஒட்டியே கழுவெளி ஏரி இருக்கிறது. ஓடை வழியாகக் கடல்நீர் இதற்குள் வரும். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் பெருகும், கோடையில் உப்பு ஏறும். 2021-ல் இது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

இப்படி அடிக்கடி மாறும் இடத்தில் உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன? மூன்று தந்திரங்கள் உண்டு.

பறந்து போ!

பூநாரைகள் ஆழம் குறைந்த நீரில் தலையைக் கவிழ்த்து இரை தேடும். வெள்ளம் வந்து ஆழம் கூடினால், வேறு நீர்நிலைக்குப் பறந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் திரும்பி வரும்.

தாங்கிக்கொள்!

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தால் ஓட முடியாதே! அது உறிஞ்சிய உப்பை இலைகள் வழியே வெளியேற்றிவிடும். சேற்றுக்கு மேலே பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால் சுவாசிக்கும்.

தூங்கிவிடு!

உப்பு நீரில் வாழும் ஆர்டீமியா என்ற மிகச் சிறிய இறாலுக்கு நீர் வற்றினாலும் கவலை இல்லை. அதன் முட்டைகள் காய்ந்த மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். தகுந்த நீர் கிடைத்ததும் குஞ்சு பொரியும்!

அப்படியானால் புயல் வந்தால் பயமில்லையா? இருக்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. நான்கே ஆண்டுகளில், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தது. இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை! உங்கள் 30 செ.மீ. ஸ்கேலை நிறுத்தி வைத்தால் அது முழுவதும் மூழ்கிப்போகும்.

மரக்காணத்து உப்பளங்களும் மூழ்கின. வெள்ளம் புகுந்த பாத்தியில் உடனே உப்பு எடுக்க முடியாது. நீரை வடித்து, வரப்பைச் சரிசெய்து, தரையை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். அதுவரை தொழிலாளர் வீட்டில் வருமானம் ஏது?

மரத்துக்கும் இதே கதைதான். மூச்சு வேர்கள் சில மணி நேரம் மூழ்கினால் தாங்கும். நாள்கணக்கில் மூழ்கினாலோ, வண்டல் மூடினாலோ மரம் திணறும். ஓர் அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி விழுந்தால், எந்தத் தந்திரமும் பலிக்காது.

பூமி சூடாவதால் இந்த ஆபத்து கூடுகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை கொட்டினால் பேய் மழையாகக் கொட்டும். கடலும் சும்மா இல்லை. 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது.

கடல் ஏறினால் அலையாத்திச் செடிகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி முளைக்கும். ஆனால் அங்கே சாலையும் கட்டடமும் நின்றால்? போக இடமில்லாமல் அழிந்துவிடும்.

ஆகவே இந்த உயிர்கள் நம்மிடம் கேட்பது இரண்டுதான். மீண்டு எழ அவகாசம், தள்ளிப் போக இடம். ஏரிக்கரையை ஆக்கிரமிக்காமல், குப்பை கொட்டாமல் விட்டாலே இடம் கிடைக்கும். புகையைக் குறைத்தால் அவகாசம் கிடைக்கும்.

அடுத்த முறை அந்த வழியே போனால், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பூநாரைகள் தென்பட்டால் எண்ணிப் பாருங்கள்!