கன்றுகளின் குடற்புழுவும் எதிர்ப்புச் சக்தியும்

சென்னை மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் முன்னாளில் பால்காரர் பசுவை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பது வழக்கம். கன்று இறந்துபோயிருந்தால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் சுரக்கச் செய்வார். அக்காட்சியைக் கண்டு இரங்கினோர் பலர். கன்று ஏன் இறந்தது என்று கேட்டோர் சிலரே. பாலை ஒட்டக் கறந்து கன்றைப் பட்டினி போட்டது ஒரு காரணம், குடற்புழு மற்றொன்று. பட்டினி கிடக்கும் கன்று புழுவை எதிர்க்க மாட்டாதாகையால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கில்லை.

தாயின் வயிற்றிலிருக்கும் கன்றுக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் கிட்டுவதில்லை. சீம்பாலே அவற்றைத் தருகின்றது. பிறந்து ஒரு நாள் கழிந்தபின் கன்றின் குடல் அவற்றை உறிஞ்சாது. ஆகவே 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதற் சில மணி நேரத்திலேயே சுமார் இரண்டரை லிட்டர் சீம்பால் புகட்ட வேண்டும். இது கழிச்சல் முதலிய நோய்களைத் தடுக்குமேயன்றிப் புழுவைத் தடுக்காது.

கன்றுகளை, சிறப்பாக எருமைக் கன்றுகளை, வாட்டும் உருண்டைப் புழு ஒரு சாணுக்கு மேலும் வளரும். இது வரும் வழி விந்தையானது. தாயின் உடற்தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் கன்று ஈனும் காலத்தில் விழித்து, மடியை அடைந்து, பாலோடு கன்றின் குடலிற் புகுகின்றன. தாய்க்கு இவற்றால் யாதொரு கெடுதியும் தோன்றுவதில்லை. மூன்று வாரத்திற்குள் புழு முதிர்ந்து, சாணத்தில் முட்டைகள் வெளிப்படும். துர்நாற்றமுள்ள கழிச்சல், உப்பிய வயிறு, சொரசொரத்த மயிர் ஆகியன அறிகுறிகள்.

"பாலில் புழு வருமாயின் பாலைக் குறைத்து விடலாமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அது மறுபடியும் வைக்கோற் கன்றுக்கே வழி! பாலைக் குறைக்க வேண்டாம். பிறந்த 10 முதல் 16 நாட்களுக்குள், கால்நடை மருத்துவர் எடைக்கேற்பக் குறிக்கும் பைபரசின் போன்ற மருந்தைக் கொடுத்தால், புழு முட்டையிடுமுன் அழியும்.

நான்கைந்து மாதம் தப்பிப் பிழைத்த கன்று தன் எதிர்ப்புச் சக்தியாலேயே இப்புழுக்களை வெளியேற்றிவிடும். புல்லின் வழியே வரும் சிறு புழுக்கள் வேறு வகையின. அவற்றிற்கு எதிர்ப்புச் சக்தி மேய்ச்சலில் சிறிது சிறிதாகத் தொற்றி, பல மாதங்களில்தான் உண்டாகின்றது. தொற்று மிகுந்தாலோ தீனி குறைந்தாலோ அது வருமுன்னே கன்று மாண்டுபோகும். அடிக்கடி காரணமின்றி மருந்திடுவதும் தவறு. மருந்துக்கு அடங்காத புழுக்களே பெருகும். சாணத்தைச் சோதித்தபின் மருந்திடுவதே முறை. சென்னை நகரத்தார்க்கு, 1903-இல் தொடங்கப்பெற்ற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. கிராமத்தார் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் சாணத்தை எடுத்துச் செல்லலாம்.

உருண்டைப் புழுவின் முட்டை ஈரமண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் கன்றுக் கொட்டிலின் தரை உலர்ந்திருக்க வேண்டும். சாணத்தை அன்றாடம் அள்ளி எருக்குழியில் மக்கவிட்டால் அங்கு எழும் சூட்டில் முட்டைகள் மடியும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பொதுத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றியுள்ள சேற்றையும் கவனிப்பார்களாக.